எடுத்துக் கொடுத்த வார்த்தை

“ஒரே ஒரு வார்த்தை. அதக் காப்பாத்தத் துப்பில்ல இவங்களுக்கு. அவ வாசல்ல வந்து நின்னு—”

“வாசல்ல நின்னா என்ன, மொட்டை மாடில நின்னா என்ன பெரியவரே. போறவ போறேன்னுதான—”

“குறுக்க பேசாத. நான் அந்த நாடகத்தப் பாக்கறப்ப நீ பொறக்கவே—”

“பொறக்காததுனாலதான் கண்ணு மறைக்காம படத்தப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. உங்கள மாதிரி பழைய பாத்திரத்தக் கட்டிக்கிட்டு—”

“யாரு பழைய பாத்திரம்? வேண்டாதவன் வீட்லேர்ந்து கிளம்புறப்பகூட ‘வரேன்’னுதான சொல்றோம். இவ கூடப் பொறந்த தம்பிங்க மூஞ்சியப் பாத்து ‘போறேன்’ங்கறா—”

“அப்ப பால் ஊத்தறவங்க மாதிரி தெனம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க—”

“போறேன்னா போகட்டும். போன்னு சொல்லு அவகிட்ட.”

நிறுத்தும்மா, போதும். எனக்கு அது மனப்பாடம். போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் நொண்டி; சுவரோரம் இருப்பதை இழுத்துக்கொள். தண்ணீர் குடி. முகம் சண்டைக்கு வந்த முகமாகத்தான் இருக்கிறது. ஆனால் செருப்பை ஜோடி சேர்த்து ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறாய். செருப்பை அப்படி விடுகிறவர்கள் பெரிதாகச் சண்டை போட மாட்டார்கள்.

“உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு,” என்றாய், கதவைத் திறந்ததுமே.

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன்.

நீ வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாய், அது எனக்குப் பிடித்திருக்கிறது. “படத்துல கடைசில என் வாயில இருக்கறது என் குரல் இல்லம்மா. வெள்ளிக்கிழமை அந்தப் பிரதிதான் எல்லா ஊருக்கும் போகுது. அதுக்கு முன்னாடி நீங்க டைரக்டர்கிட்ட உண்மையச் சொல்லணும். என் வார்த்தைய எனக்குத் திருப்பித் தரச் சொல்லணும்.” பிறகு போனை எடுத்து, பெரியவரும் அந்தப் பெண்ணும் போட்ட சண்டையை எனக்கே போட்டுக் காட்டினாய். நாடகத்து ரசிகர் மன்றத்தின் போன் குழுவில் ஊரே கேட்ட சண்டை. யாரோ பத்திரப்படுத்தி உனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சொல்கிறேன். எல்லாவற்றையும் உனக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. நீ புத்திசாலிப் பெண். காரணம் சொன்னால் புரிந்துகொள்வாய்.

‘பொத்தான் கடை’ நாடகத்தை நீ மேடையில் பார்த்ததில்லை. ஒரு தையல் கடை. அப்பா அம்மா போன பிறகு மூன்று தம்பிகளைத் தைத்துத் தைத்தே வளர்க்கும் அக்கா. தம்பிகள் வளர்கிறார்கள், அவர்களுடைய பசியும் வளர்கிறது, அவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் பொத்தான் வைத்துக்கொண்டே இருக்கிறாள். எல்லாம் பாட்டு. கத்தரிக்கோல் சத்தம்கூடத் தாளத்தோடுதான் வரும். கடைசியில் கழுத்திலிருக்கும் அளவு நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் விளக்கு அணையும், ஜனங்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அந்த வார்த்தை, “போயிட்டு வரேன்.”

அதற்கு எத்தனை பேர் அடிமை என்று உனக்குத் தெரியும், பட்டது நீதானே. சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். லாரிக்குப் பின்னால் எழுதினார்கள். மன்றத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்கி எடுத்து, அதை நம் கண்முன்னால் ஆட்டி, அந்தக் கடைசிப் பாட்டின் மெட்டில் “போயிட்டு வரேன்” என்று பல்லுக்காகப் பாடுவார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு நாமும் சிரிக்க வேண்டும்.

அந்தக் கதாநாயகியாக நடித்தவள் என் தங்கச்சி. உன் டைரக்டரின் அம்மா. அதுவும் உனக்குத் தெரியும். நான் யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. என் வேலை அப்படி. மேடைக்குப் பக்கத்தில், திரை மறைவில் நின்றுகொண்டு, நடிக்கிறவர்கள் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுப்பவள். நாடகக்காரர்கள் பிராம்ப்டர் என்பார்கள். எங்கள் குழுவில் கிசுகிசு அக்கா என்பார்கள்.

அது சாமானிய வேலை இல்லையம்மா. நடிகருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. வசனத்தை ஊதினால் சபைக்குப் போய்விடும். பல்லுக்கு நடுவே கடித்துக் கொடுக்க வேண்டும். முதல் சொல்லை மட்டும் கொடுத்தால் போதும், மிச்சம் தானாக வரும். அதுவும் அந்தந்த ஆளின் குரலிலேயே கொடுத்தால் இன்னும் சுலபம். தன் நினைவே தன்னிடம் பேசுவது போல இருக்குமாம். தம்பிகளுக்குத் தம்பிகளின் குரல், கந்துவட்டிக்காரனுக்கு அவன் கரகரப்பு. எல்லார் குரலும் என் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருந்தன. வீட்டுக்கு வந்தும் போகாது. காய் நறுக்கும்போது கந்துவட்டிக்காரன் பேசுவான், பாத்திரம் கழுவும்போது மூத்த தம்பி பதில் சொல்வான். எனக்கு எந்தக் கதையும் ஆள் ஆளாகப் பேசித்தான் கேட்கும். உன் முகத்தைப் பார்க்கிறேனே, இப்போதுகூட நீ பேசாமல் இருப்பது எனக்கு வசனமாகத்தான் கேட்கிறது.

பொடியன் அதைப் படமாக எடுக்கப் போகிறேன் என்றபோது சந்தோஷப்பட்டேன். உன் டைரக்டரைத்தான் சொல்கிறேன். தலையில் முடி கொட்டிவிட்டது, மீசை நரைத்துவிட்டது, எனக்கு அவன் பொடியன்தான். அம்மா இறந்த பிறகு அவனுக்கு நான்தான் மிச்சம். எனக்கும் அவன்தான். அவனுக்கு வேலை இருக்கும், வர மாட்டான். அதை நான் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. படத்தின் பூஜை அன்று மட்டும் வந்து ஒரு புதுப் போனைக் கையில் கொடுத்து, “பெரியம்மா, இனிமே இதுல பேசுங்க, மூஞ்சியே தெரியும்,” என்றான். அதற்கப்புறம் அவன் முகம் அதில் தெரியவே இல்லை. படம் முடிகிற வரைக்கும் என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாடகம் முழுவதும் ஒரு மூச்சில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்.

முதல் காட்சிக்கு நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன்.

ரசிகர்கள் அன்று என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா? மேடையில் பொத்தான் சிவப்பு, படத்தில் நீலம். அதற்கே ஒரு வரிசை முழுக்க “ச்ச” என்றது. கத்தரிக்கோலை நீ இடது கையில் பிடித்தாய் என்று எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் புகார் சொன்னாள். அவர், “அந்தப் பொண்ணுக்கு எடக்கை பழக்கமா இருக்கும், விடுடி,” என்றார். “தையக்காரி எப்படி எடக்கையா இருப்பா, கத்தரி வெட்டுமா?” என்று அவள் விடவில்லை. மேடையில் இடைவேளைக்குத் திரை விழும் இடத்தில் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் பழக்க தோஷத்தில் எழுந்து முறுக்கு வாங்கப் போய்விட்டு, இருட்டில் கால் மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். பல் டாக்டர் ஒவ்வொரு பாட்டையும் திரைக்கு முன்னால் பாடி முடித்தார்.

இதெல்லாம் அன்புதான். முணுமுணுத்துக்கொண்டே படத்துக்குள் போய்விட்டார்கள். நாடாவை நீ கழற்றும்போது டாக்டர்கூடப் பாடுவதை நிறுத்திவிட்டார்.

வாசலில் திரும்பி நின்றாய். “போறேன்,” என்றாய். முதுகைக் காட்டி நடந்தாய்.

என் நியாயம் இதுதான். அந்த வார்த்தையை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. சபை கொதித்துப் போனது. பக்கத்தில் ஒருவர் சிரித்தார், பின்னால் ஒருவர் “போயிட்டு வரேன்” என்று திருத்தினார், அடுத்த நிமிடம் அரங்கம் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தது. அடுத்த காட்சியிலும் அப்படியே. வாரக் கடைசிக்குள் எல்லாத் தியேட்டரிலும் நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜனங்கள் உனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ரசிகர்களின் மனசு புண்பட்டிருந்தது. புண்ணுக்கு மருந்து யாராவது போட வேண்டும் அல்லவா? நான் செய்தது அவ்வளவுதான்.

நீ அந்தப் பெரியவரைப் பற்றியும் கேட்டாயே.

அவர் நல்ல மனிதர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மருமகள் காபியில் சர்க்கரை போடுவதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயர் சுருட்டை. கல்லூரியில் படிக்கிறாள், யாரையும் மதிக்க மாட்டாள், பெரியவர்களை வாய்க்கு வாய் மடக்குவாள். மன்றத்துக் குழுவில் அந்த இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்கள். பெரியவர் பொடியன் கொடுத்த புதுப் போனில் பேசுவார். சுருட்டை பழைய போனில். ஒன்று வலக் கையில், ஒன்று இடக் கையில்.

உனக்குக் காது இருக்கிறது. நீ எப்படிப் பிடித்தாய் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. “நெசமா சண்டை போடறவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவாங்கம்மா. இவங்க ஒருத்தர ஒருத்தர் வெட்டறாங்களே தவிர, ஒரு தடவகூட சேந்து பேசல.” உண்மைதான். எனக்கு இருப்பது ஒரு வாய்.

எனக்கு ஜலதோஷம் பிடித்த வாரம் பெரியவரும் இருமினார், சுருட்டையும் இருமினாள். “சண்டை போட்டுப் போட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் ஒட்டிக்கிச்சு,” என்று டாக்டர் கேலி செய்தார். போனில் எப்படி ஒட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியவரை மன்றத்துக்குக் கௌரவத் தலைவர் ஆக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சுருட்டையைப் பெண் கேட்டு ஒரு மளிகைக் கடைக்காரர் தன் ஜாதகத்தை அனுப்பினார், நல்ல ஜாதகம்தான்.

சுருட்டை உன் கட்சி. அதைக் கவனித்தாயா? உனக்காகப் பேசுவதற்கு ஆள் இல்லையே என்று நான்தான் ஒருத்தியைக் கொடுத்தேன். ஆனால் அவள் வாய் திறந்தால் கேட்கிறவர்களுக்கு அடிக்கத் தோன்றும். உனக்குப் பரிந்து பேசுகிறவர்கள் எல்லாரும் அவளைப் போலத்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். அதற்கு நான் என்ன செய்வது?

குழு இரண்டாகப் பிரிந்தது. வரேன் கட்சி, போறேன் கட்சி. டாக்டரின் மனைவிக்கு உன் நடிப்புப் பிடித்துப் போய்விட்டது. இப்போது ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. மன்றத்தில் பழகி நிச்சயம் செய்துகொண்ட ஒரு ஜோடி, வார்த்தை முற்றி மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தைக்குத் தாங்காத கல்யாணம் நின்று போனதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று பெரியவர் ஆறுதல் சொன்னார்.

உன் வீட்டுக் கதவு விஷயம். “போறேன்னா போ” என்று யாரோ பெயின்டில் எழுதினார்கள், நீ துடைக்கத் துடைக்க எழுதினார்கள், வீட்டுக்காரர் உன்னைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அது பெரியவரின் வாசகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னார், அவ்வளவுதான். எழுதச் சொல்லவில்லை. பெயின்ட் அவர் வாங்கிக் கொடுக்கவில்லை. அடுத்த படத்திலிருந்து உன்னைத் தூக்கிவிட்டதற்கும் அவர் பொறுப்பாக முடியாது. அவருக்கு சினிமாவில் யாரையும் தெரியாது.

தண்ணீரைக் குடித்துவிடு. வேறு கொண்டு வரட்டுமா? சரி.

கூட்டத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட மண்டபத்தில் மன்றம் கூட்டிய நியாயம் கேட்கும் கூட்டம். பொடியன் பாவம், துவண்டு போய் என்னிடம் வந்திருந்தான். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான்.

“பெரியம்மா, நாடகத்த எழுதினவரோட மனைவியத் தேடிப் போயி நம்ம படத்துல நடிச்ச பொண்ணுதான் கேட்டுட்டு வந்தா. அவர் எழுதினது ‘போறேன்’தானாம். சாகற வரைக்கும் அதையே சொல்லிப் பொருமினாராம். அக்கா திரும்பி வரக்கூடாதுன்னுதான் அவர் கதையே எழுதினாராம். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நீங்க ஒருத்தர் சொன்னா இந்தக் கூச்சல் அடங்கிடும். நீங்கதான எல்லாத்தையும் பாத்தவங்க.”

வருகிறேன் என்றேன். அவனுக்குச் சோறு போட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டான். ரொம்ப நாள் கழித்து அந்தத் தட்டில் இன்னொருவர் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

மேடையில் ஏறினேன். திரை மறைவில் இல்லை, நடுவில். விளக்கு கண்ணைக் குத்தியது. டாக்டர் மைக்கை என் பக்கம் நீட்டினார். “அக்கா, நீங்க சாட்சி. நாடகாசிரியர் என்ன எழுதினாரு?”

தங்கச்சி ஒரு வசனத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பாளோ, அவ்வளவு நேரம் நின்றேன்.

“‘போயிட்டு வரேன்’னுதான்.”

மண்டபம் எப்படி அதிர்ந்தது என்று உனக்குத் தெரியும், நீ முன்வரிசையில் இருந்தாய். அப்போது யாரோ ஆசிரியரின் மனைவியைப் பற்றிக் கேட்டார்கள். அவங்க பாவம், இப்பல்லாம் அவங்களுக்கு ஒண்ணும் பிடிபடறதில்ல, முந்தாநாள் போன் பண்ணினப்ப என்னையே யாருன்னு கேட்டாங்க என்றேன். அது சத்தியமாகப் பொய் இல்லை. கேட்டார்கள். நான் பெரியவர் குரலில் பேசியிருந்தேன்.

நீ எழுந்து, “அவங்க பொய் சொல்றாங்க,” என்று கத்தினாய். கத்தியிருக்கக் கூடாது. மெல்லச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். மண்டபம் முழுக்க உன்னைப் பார்த்து “போ, போ” என்று தாளம் போட்டது, நாடகத்தில் வரும் அந்தக் கத்தரித் தாளத்திலேயே. நீ வெளியே போனாய். பொடியன் காது சிவக்க எழுந்து, ஆசிரியரின் புகைப்படத்துக்கு முன்னால் கை கூப்பி மன்னிப்புக் கேட்டான். படத்தைத் திருத்தித் தருகிறேன் என்றான்.

நீ திருத்தக் குரல் கொடுக்க மாட்டேன் என்றாய். “என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வராது” என்று பத்திரிகைக்காரர்களிடம் வேறு சொன்னாய். அழகாகச் சொன்னாய். அதனால்தான் இப்போது நம் ஊர்த் தியேட்டரில் திருத்தின படத்தைப் பார்க்கிறவர்கள், வந்துவிட்டதே என்று சிரிக்கிறார்கள். வரேன் கட்சி உன்னைப் பணிய வைத்துவிட்டோம் என்கிறது, போறேன் கட்சி நீ விலை போய்விட்டாய் என்கிறது. அந்தக் குரல் உன்னுடையது இல்லை என்று யாருமே நம்பவில்லை, பார்.

நீ மாட்டேன் என்றதும் பொடியன் என்னைத்தான் கூப்பிட்டான். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர், நல்ல பையன். “வாய் அசைவு ஒத்து வருமா தம்பி?” என்று கேட்டேன். “ரெண்டுமே ‘போ’லதான் ஆரம்பிக்குதும்மா. மிச்சத்துக்கு அவங்க முதுகக் காட்டிடறாங்க. முதுகக் காட்டிட்டா என்ன வேணா பேச வெக்கலாம்,” என்றான். உன் குரலில் சொன்னேன். அவன் தலையை அசைத்தான்.

“நல்லாருக்கும்மா. கொஞ்சம் சத்தமா.”

என் ஆயுசில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மெல்ல, மெல்ல என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சத்தமாகச் சொன்னேன். அவன் போதும் என்ற பிறகும் இன்னொரு தடவை சொன்னேன். பெயரெல்லாம் போடவில்லை, நான் கேட்கவும் இல்லை. பிராம்ப்டர் பெயரை யாரும் நோட்டீசில் போடுவதில்லை. பொடியன் இப்போது தினமும் போன் பண்ணுகிறான். முகம் தெரிகிறது.

கேள், இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், மிச்சத்தையும் வைத்துக்கொள்.

ஆசிரியர் எழுதினது “போறேன்”தான்.

முதல் நாள் முதல் மேடை. தங்கச்சி நாடாவைக் கழற்றி மாட்டினாள், வாசலுக்குப் போனாள், நின்றாள். மறந்துவிட்டாள். முதல் சொல்லை மட்டும் கொடுத்தால் போதும், “போ” என்று கடித்தேன். அவளுக்கு எட்டவில்லை. மறுபடி “போ” என்றேன், என் வாய் நிற்கவில்லை, “யிட்டு வரேன்” என்று தானாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் வாசலில் நின்று “போறேன்” என்று யாரும் சொன்னதில்லை. அந்த வாய்க்கு வேறு தெரியாது. தங்கச்சி அப்படியே சொன்னாள். சபை அழுதது.

மறுநாள் ஆசிரியர் என்னிடம் வந்தார். மரியாதையான மனிதர். “அம்மா, அது ‘போறேன்’. அவ வரக்கூடாது,” என்றார். சரிங்க என்றேன். அன்றைக்கும் “போயிட்டு வரேன்” என்றே கொடுத்தேன். தங்கச்சிக்குப் படித்து மனப்பாடம் பண்ண வராது, நான் சொன்னதுதான் அவளுக்கு வசனம். அவர் முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஜனங்கள் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கை தட்டினார்கள், அவரும் எழுந்து கும்பிட்டார். வேறு என்ன செய்வார்? நாடகம் நடந்த நாளெல்லாம் அவர் கும்பிட்டார்.

உன் படத்துக்கு வந்த அன்று. சபை கொதித்துப் போனது என்றேனே. அது அப்புறம். நீ “போறேன்” என்று சொன்னதும் யாரும் கொதிக்கவில்லை. எடக்கை என்று புகார் சொன்ன அந்த அம்மாள் அசையவில்லை. டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. நான் அத்தனை வருஷம் சபையைக் கேட்டவள், அப்படி ஒரு மௌனத்தை மேடையில் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்த ஜனங்கள் உன்னுடையவர்கள் ஆகியிருப்பார்கள். என் வார்த்தையை யாரும் தேடவில்லை.

அதனால் எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை முதல் வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர் அதைக் கேட்டுத்தான் சிரித்தார். மிச்சம் தானாக வந்தது.

பொடியனிடம் சொல்லலாம்தான். சொன்னால் அவன் வருத்தப்படுவான். அந்த ரசிகர்கள் வருத்தப்படுவார்கள், அந்தப் பல் டாக்டர் பல்லுக்கு என்ன பாடுவார்? இத்தனை பேர் மனசை நினைத்துத்தான் நான் சும்மா இருக்கிறேன். எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை.

பிஸ்கெட் டப்பாவுக்குப் பக்கத்தில் உன் போன் குப்புறக் கிடக்கிறது. சண்டையைப் போட்டுக் காட்டி முடித்ததும் நீ வேறொன்றை அழுத்தியதைப் பார்த்தேன். பரவாயில்லை, பதிவு பண்ண வேண்டியதுதான். பொடியனிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு, டாக்டரிடம் காட்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை நீயே கேட்டுவிடு. எடு. கேள்.

தெரிகிறதா? அவரவர் குரல் அவரவருக்குச் சட்டென்று பிடிபடாது, எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கும். நீ கதவைத் தட்டினதிலிருந்து நான் உன் குரலில்தானம்மா பேசிக்கொண்டிருக்கிறேன்.

கேட்கிறவர்களுக்கு நீயே கேட்டு நீயே பதில் சொல்வது போல இருக்கும். பதிலுக்கு நடுவில் நீ ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, நல்ல வளர்ப்பு. சேர்ந்து பேசின இடம் ஒன்றுகூட அதில் இருக்காது. வீட்டில் உட்கார்ந்து எழுதி நடித்திருக்கிறாள் என்பார்கள். அங்கங்கே கொஞ்சம் மிகை என்று பெரியவர் சொல்வார்.

எழுந்துவிட்டாயா? தண்ணீரை மிச்சம் வைத்திருக்கிறாய். செருப்பு அங்கேதான் இருக்கிறது, நீ வைத்த மாதிரியே, ஜோடியாக. பார்த்து இறங்கு, கடைசிப் படி உயரம். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாய். நாடாவைக் கழற்றின அதே முகம். நல்ல நடிகை நீ, நான் எப்போதும் சொல்வேன்.

“போறேன்,” என்கிறாய்.

முதுகைக் காட்டிவிட்டாய். தெருவில் யாரும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, என் சொந்தக் குரலில், உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி எடுத்துக் கொடுக்கிறேன்.

“அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லு.”